லாரியைக் கொன்றது யார்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2012-ல் டெல்டேல் நிறுவனம் வெளியிட்ட, பிணங்கள் எழுந்து கடிக்க வரும் ‘தி வாக்கிங் டெட்’ கேமின் முதல் சீசன் கதையை, கடைசிக் காட்சி வரைக்கும், இந்தப் பதிவில் போட்டு உடைக்கப் போகிறேன். இன்னும் ஆடாதவர்கள், என்றாவது ஆடிப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவர்கள், இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆடிவிட்டு வாருங்கள். பதிவு எங்கும் ஓடிவிடாது.

இன்னொன்று. இந்தக் கதையில் லாரி என்பது ஓர் ஆளின் பெயர். தமிழில் எழுதும்போது சக்கரங்கள்தான் கண்முன் வருகின்றன, தெரியும். ஆளும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருப்பார், அதனால் பெரிய பிழையில்லை.

இரண்டாவது எபிசோட். வெளியே தாழிட்ட ஒரு இறைச்சி அறை. உள்ளே ஐந்து பேர். லாரி கதவை இடித்து இடித்துக் கத்தியவர், திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். அவருடைய மகள் லில்லி அவர் மேல் குனிந்து மார்பை அழுத்துகிறாள். கென்னி என்ற நண்பன் அந்தப் பக்கம் நின்று வேறு கணக்குப் போடுகிறான். கடிபடாமல் செத்தாலும் பிணம் எழுந்து வரும் என்பது இவர்களுக்கு அந்த எபிசோடின் ஆரம்பத்தில்தான் தெரியவந்திருக்கிறது. இவ்வளவு பெரிய உடம்பு இந்தச் சின்ன அறைக்குள் எழுந்தால் யாரும் மிஞ்ச மாட்டார்கள், எழுவதற்கு முன் தலையை நசுக்கிவிட வேண்டும் என்கிறான். மூலையில் எட்டு வயதுச் சிறுமி கிளமென்டைன் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். திரையின் கீழே நேரக்கோடு சுருங்குகிறது. லாரிக்கு உதவுவதா, கென்னிக்கு உதவுவதா?

நான் கென்னிக்கு உதவினேன். லில்லியைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். கென்னி மாடுகள் நக்கும் உப்புக்கட்டியைத் தூக்கிக் கிழவரின் தலையில் போட்டான்.

அதோடு விட்டார்களா? தப்பிக்க வேண்டுமென்றால் சுவரில் இருக்கும் ஏசியின் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். திருப்புளி கிடையாது, நாணயம் வேண்டும். நாணயம் இருப்பது லாரியின் சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ. மகள் பிணத்தின் பக்கத்தில் அழுதுகொண்டிருக்க, நீங்கள் போய் மவுஸைக் கொண்டு அந்தப் பையைத் தடவ வேண்டும். விளையாட்டில் எத்தனையோ பிணங்களின் பையைத் தடவியிருக்கிறேன். தோட்டா கிடைக்கும், மருந்து கிடைக்கும், அடுத்த அறைக்குப் போய்விடுவேன். இதில் மட்டும் கை கூசியது.

பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். ஒரே லேப்டாப்பில் நான் ஒரு ஆட்டம், அவன் ஒரு ஆட்டம் என்று முறை வைத்து ஆடிக்கொண்டிருந்தோம். எனக்கு அடுத்து அவன் முறை. நாணயத்தை எடுத்து முடிக்கும் வரை பேசாமல் இருந்தவன், பிறகு கேட்டான்.

“அந்தாளுக்கு உன் விஷயம் தெரியும்ல? அதுக்குத்தான அண்ணா போட்டுத்தள்ளிட்ட?”

“லூசாடா நீ? எழுந்து வந்திருந்தா எல்லாரும் காலி.”

“சரி.”

அந்தச் ‘சரி’யைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அவன் சொன்ன ‘விஷயம்’ என்னவென்றால், நாம் ஆடும் பாத்திரமான லீ எவரெட் ஒரு கொலைக் குற்றவாளி. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். மனைவிக்கும் ஒரு மாநில செனட்டருக்கும் உறவு இருப்பது தெரிந்து அந்த ஆளைக் கொன்றுவிட்டுத் தண்டனை பெற்றவன். கேம் தொடங்கும்போது அவன் கையில் விலங்கோடு போலீஸ் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். கார் அட்லான்டாவை விட்டு வெளியே போகிறது. எதிர்ப்பக்கம் சைரன் வைத்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரத்துக்குள் பாய்கின்றன. ஓட்டும் அதிகாரி பேச்சுக் கொடுக்கிறார். வழக்கமாக இந்த இடத்துக்கு வரும்போது பின்சீட்டில் இருப்பவன் ‘நான் பண்ணலை’ என்று ஆரம்பித்துவிடுவான், நீ மட்டும் வாயே திறக்கவில்லையே என்கிறார். நான்கு பதில்கள் வருகின்றன. அதில் ஒன்று வெறும் மூன்று புள்ளி, அதாவது மௌனம்.

ஜாம்பி கேமில் முதலில் கேட்கப்படும் கேள்வி துப்பாக்கியைப் பற்றியதாக இருக்கும் என்றுதான் உட்கார்ந்தேன். இங்கே கேட்கப்படுவது ‘நீ குற்றவாளியா?’ நான் மூன்று புள்ளியை அழுத்தினேன். அப்போது அது எனக்கு ஸ்டைலாகத் தெரிந்தது.

கார் சாலையில் நின்ற ஒரு உருவத்தின் மேல் மோதிக் கவிழ்கிறது. செத்துக் கிடக்கும் அதிகாரியிடமிருந்து சாவியை எடுத்து விலங்கைக் கழற்ற வேண்டும். கழற்றி முடிப்பதற்குள் அவர் எழுந்துவிடுகிறார். அங்கிருந்து ஓடி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், பின்பக்க மரவீட்டில் கிளமென்டைன். அப்பா அம்மா சவான்னா ஊருக்குப் போயிருக்கிறார்கள், பார்த்துக்கொள்ள வந்த பெண் இப்போது கடிக்க வரும் உருவமாகிவிட்டாள். கையில் ஒரு வாக்கி-டாக்கி. அதன் வழியாகத்தான் அவள் லீயிடம் முதலில் பேசுகிறாள்.

இந்த வாக்கி-டாக்கியை மறந்துவிடாதீர்கள்.

இவர்கள் இருவரையும் ஒரு பண்ணைக்குக் கூட்டிப் போகிறார்கள். அங்கே ஹெர்ஷல் என்ற பெரியவர் காலில் உள்ள காயத்தைப் பார்த்துக்கொண்டே எங்கே போய்க்கொண்டிருந்தாய், யாரோடு போனாய் என்று விசாரிக்கிறார். நான் பொய் சொன்னேன். முன்பின் தெரியாதவரிடம் ‘ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன்’ என்று யாராவது சொல்வார்களா? பெரியவர் சாதாரண ஆள் இல்லை, பொய்யைப் பிடித்துவிட்டார். பிடித்தும் விரட்டவில்லை. இன்னும் நன்றாகப் பொய் சொல்லக் கற்றுக்கொள் என்கிற தோரணையில் ஒரு பார்வை, அவ்வளவுதான். ஹெர்ஷலைப் பலருக்குத் தெரிந்திருக்கும். ராபர்ட் கிர்க்மன் எழுதி 2003 முதல் 2019 வரை 193 இதழ்கள் வந்த காமிக்ஸிலிருந்து கேமுக்கு வந்த ஒரு சிலரில் அவரும் ஒருவர். மற்றபடி லீ, கிளமென்டைன், கென்னி எல்லோரும் கேமுக்காகவே பிறந்தவர்கள்.

(ஒரு சின்ன இடைச்செருகல். இந்த உலகத்தில் பெரும்பாலும் ‘ஜாம்பி’ என்று சொல்வதில்லை, ‘வாக்கர்’ என்பார்கள். தமிழில் நமக்கு இந்தச் சிக்கலே இல்லை. ‘நடைபிணம்’ என்ற சொல்லை எப்போதோ செய்து வைத்திருக்கிறோம், அதையும் உயிரோடு இருப்பவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறோம். காமிக்ஸின் 24-ஆவது இதழில் அதன் நாயகன் ரிக் ‘நாம்தான் நடைபிணங்கள்’ என்று கத்தும் இடம் அமெரிக்க வாசகர்களுக்கு அதிர்ச்சியாக இருந்திருக்கலாம். நமக்கு அது அன்றாடப் பேச்சு.)

மேக்கன் ஊர் மருந்துக்கடையில் லாரியும் லில்லியும் வருகிறார்கள். கார்லி என்ற செய்தியாளரும் அங்கே இருக்கிறாள். லீ யார் என்பது இரண்டு பேருக்குத் தெரியும். கார்லிக்குத் தொழிலே செய்தி, அதனால் தெரியும். அவள் தனியாகக் கூப்பிட்டு, உன்னைத் தெரியும், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிறாள். லாரிக்கும் தெரியும். கடையிலிருந்து தப்பி ஓடும் நேரத்தில் அவர் லீயின் முகத்தில் ஒரு குத்துவிட்டு, பின்னால் வரும் கூட்டத்துக்குத் தீனியாகப் போட்டுவிட்டுப் போகிறார். கென்னிதான் இழுத்துக் காப்பாற்றுகிறான். பிறகு லாரி, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், என் மகள் பக்கம் வந்தால் எல்லோரிடமும் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிறார்.

இறைச்சி அறையில் விழுந்து கிடந்தது அந்த ஆள்தான். எனக்கு எதிரான ஒரே சாட்சி.

தம்பி கேட்கும்வரை அப்படி நான் நினைக்கவே இல்லை. நிஜமாகவே இல்லை. நேரக்கோடு சுருங்கும்போது மனதுக்குள் என்ன ஓடியது என்று பின்னால் எத்தனை முறை யோசித்தாலும், ‘கிளமென்டைனைக் காப்பாற்ற’ என்றுதான் வருகிறது. ஆனால் அப்படித்தானே எல்லோருக்கும் வரும்? யோசிக்க ஐந்தாறு வினாடி கொடுத்துவிட்டு, காரணத்தைப் பிறகு நம்மையே எழுதிக்கொள்ள விடுகிறார்கள். எழுதும்போது நாம் நமக்குச் சாதகமாகத்தான் எழுதுவோம்.

மறுநாள் தம்பியின் முறை. அவன் லில்லியோடு சேர்ந்து கிழவரின் மார்பை அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருக்கும்போது கென்னி உப்புக்கட்டியைப் போட்டுவிட்டான். லாரி செத்தார். அதே நாணயம், அதே ஏசி.

“என்னடா இது, ரெண்டுக்கும் ஒண்ணுதானா?” என்று எனக்கு எரிச்சல். ஏமாற்று வேலை என்று தோன்றியது. கேமின் தொடக்கத்திலேயே, உங்கள் முடிவுகளுக்கேற்பக் கதை மாறும் என்று அறிவிப்புப் போடுகிறார்களே!

தம்பிக்கு எரிச்சல் இல்லை. “போடறதுக்கு முன்னாடி அவரு வாய் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு அண்ணா” என்றான். எனக்கு அது காட்டப்படவில்லை, அல்லது நான் பார்க்கவில்லை. உயிர் வந்துகொண்டிருந்ததா, பிணமாக எழுந்துகொண்டிருந்தாரா? அதைச் சொல்லாமலே விட்டிருக்கிறார்கள். அவன் ஆட்டத்தில் கென்னி ஒரு கொலைகாரனாக இருக்கக்கூடும். என் ஆட்டத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை, நானே எழவிடாமல் செய்துவிட்டேன்.

இந்த கேமைப் பற்றிய பெரிய புகாரே இதுதான். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம். புகார் உண்மை, மறுப்பதற்கில்லை. பண்ணையில் ஹெர்ஷலின் மகன் ஷானைக் காப்பாற்றப் போனாலும் டக்கைக் காப்பாற்றப் போனாலும் ஷான் சாவான், டக் பிழைப்பான். மருந்துக்கடையில் கார்லி அல்லது டக் என்ற இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். (இந்த டக் வேறு, முன்னவன் கென்னியின் பையன். இவர் கணினி தெரிந்த ஆள். தமிழில் இரண்டு பேரும் ஒரே எழுத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள், நான் என்ன செய்ய?) காப்பாற்றப்பட்டவர் யாராக இருந்தாலும் மூன்றாவது எபிசோடில் லில்லியின் குண்டுக்குப் பலியாவார். ஐந்தாவது எபிசோடில் கடிபட்ட கையை வெட்டிக்கொண்டாலும் லீ சாவான், வெட்டாவிட்டாலும் சாவான்.

தொழில்நுட்பக் காரணம் எளிமையானது. ஒவ்வொரு முடிவும் கதையை உண்மையாகவே இரண்டாகப் பிரித்தால், பத்தே முடிவுகளில் 1,024 கதைகள் ஆகிவிடும். ஒவ்வொன்றுக்கும் வசனம் எழுதி, டேவ் ஃபென்னாயும் மெலிஸா ஹட்சிசனும் ஸ்டூடியோவில் உட்கார்ந்து குரல் கொடுத்து, அசைவுகள் செய்து... டெல்டேல் அவ்வளவு பெரிய நிறுவனம் இல்லை. 2004-ல் லூகாஸ் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்திலிருந்து வெளியேறியவர்கள் தொடங்கியது. ஏப்ரலில் முதல் எபிசோடை விட்டு நவம்பருக்குள் ஐந்தையும் முடித்தாக வேண்டும். ஆகவே கிளை பிரிவதுபோல் பிரிந்து, கொஞ்ச தூரம் போய், மறுபடி ஒரே ஆற்றில் வந்து விழும்படி கட்டினார்கள்.

இதை மாயை என்று சொல்லிவிட்டுப் போகலாம். நானும் இரண்டு வாரம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு மூன்றாவது, நான்காவது எபிசோடுகளைத் தம்பியோடு இரண்டு முறை பார்த்த பிறகு வேறொன்று புரிந்தது. நான் இதை நாற்சந்தியாக நினைத்துக்கொண்டிருந்தேன், எந்தப் பக்கம் போனால் எந்த ஊர் வரும் என்று. ஆனால் இது நீதிமன்றம். கொலை நடந்துவிட்டது, தேதியும் இடமும் மாறப்போவதில்லை. நீ எங்கே நின்றாய், என்ன சொன்னாய், ஏன் சொன்னாய் என்பதுதான் விசாரணை.

அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் கேம் முழுக்க விசாரணைகளாகத்தான் இருக்கிறது. மூன்றாவது எபிசோடில் கார்லி, உன் கடந்த காலத்தை நீயே மற்றவர்களிடம் சொல்லிவிடு, வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட அது நல்லது என்கிறாள். நான் சிலரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன். கொஞ்ச நேரத்திலேயே வண்டி சாலையோரம் நிற்கிறது, லில்லி ஒரு திருட்டை விசாரிக்கிறாள். குழுவின் சாமான்களைக் கொள்ளையர்களுக்கு யாரோ ரகசியமாகக் கொடுத்திருக்கிறார்கள். பென் என்ற பையனா, கார்லியா? இருட்டு. அழுகை. தந்தையை இழந்த பெண் நீதிபதியாக நிற்கிறாள். கார்லி அவளை எதிர்த்து நாலு வார்த்தை பேசுகிறாள். துப்பாக்கி வெடிக்கிறது. உண்மையில் திருடியது பென்.

தவறான தீர்ப்பு. அந்த நீதிபதியை அந்த மனநிலைக்குக் கொண்டுவந்ததில் என் பங்கும் உண்டு. அவள் அப்பாவைக் காப்பாற்றவிடாமல் பிடித்து இழுத்தவன் நான்தானே.

என் ஆட்டத்தில் லில்லியைச் சாலையில் விட்டுவிட்டுப் போனேன். தம்பி வண்டியில் ஏற்றிக்கொண்டான், அவள் பிறகு வண்டியைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள். இரண்டிலும் லில்லி இல்லை. ஆனால் அவளை விட்டுவிட்டு வந்த பிறகு, எனக்கு அதில் ஒரு நிம்மதி இருந்ததைக் கவனித்தேன். இறைச்சி அறையில் நான் செய்ததை நேராகப் பார்த்தவள் அவள். இரண்டாவது சாட்சியும் போயாயிற்று.

ரயிலில் ஒரு காட்சி வருகிறது. அதைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. சக் என்ற நாடோடிக் கிழவர் லீயிடம், இந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே கற்றுக்கொடுக்கவில்லை, இப்படியே விட்டால் பிழைக்க மாட்டாள் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். லீ அவளுக்குத் துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுக்கிறான். பிறகு, யாரும் பிடித்து இழுத்துவிடக் கூடாது என்பதற்காக, அவள் முடியை வெட்டுகிறான். பெரிய முடிவு ஏதும் கிடையாது. ஒரு கத்தரிக்கோல், அசையும் ரயில், சிலும்பலாகக் குட்டையாகிக்கொண்டே வரும் முடி. அவள் முகம் நம் பக்கம் இருக்கிறது. என்னைக் கேட்டால் மொத்த சீசனிலும் சிறந்த ஐந்து நிமிடம் இதுதான். ஜேக் ராட்கினும் ஷான் வனமனும் இந்த சீசனை வழிநடத்தியவர்கள். பிறகு டெல்டேலை விட்டுப் போய் ‘ஃபயர்வாட்ச்’ என்ற கேமைச் செய்தார்கள். அதிலும் முக்கால்வாசி இரண்டு பேர் வாக்கி-டாக்கியில் பேசிக்கொள்வதுதான்.

வாக்கி-டாக்கிக்கு வருகிறேன். கிளமென்டைன் அதைக் காதில் வைத்து அம்மா அப்பாவோடு பேசுவதுபோல் விளையாடிக்கொண்டே இருக்கிறாள். பெரியவர்கள் கண்டுகொள்வதில்லை. மூன்றாவது எபிசோடின் முடிவில் அதிலிருந்து ஒரு ஆண்குரல் பதில் சொல்கிறது. ஐந்தாவதில் அந்த ஆளை ஒரு ஹோட்டல் அறையில் சந்திக்கிறோம். கேமில் பெயரே இல்லாத ஆள்.

அவர் யார்? இரண்டாவது எபிசோடின் கடைசியில் காட்டுக்குள் ஒரு கார் நிற்கும். உள்ளே விளக்கு எரியும், பின்னால் நிறையச் சாமான். ஆள் இல்லை. எல்லோரும் பாய்ந்து எடுக்கிறார்கள். கிளமென்டைன் மட்டும், இது யாருடையதாகவாவது இருந்தால் என்று கேட்கிறாள். நான் எடுத்தேன். தம்பி எடுக்கவில்லை, ஆனால் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மறுபடி அதே கதை, எதைத் தேர்ந்தெடுத்தாலும் கார் காலி. அந்தக் கார் இவருடையது. அதற்குப் பிறகு அவருடைய குடும்பம் சிதைந்தது.

இப்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்து லீயைக் கேள்வி கேட்கிறார். நீ நேசித்த யாரையாவது காயப்படுத்தியிருக்கிறாயா என்று தொடங்குகிறார். பிறகு நாம் இத்தனை மணி நேரம் செய்ததையெல்லாம் வரிசையாக எடுத்து வைக்கிறார். அந்தக் குழந்தையை எங்கே கூட்டிப் போனாய், அவள் கண்ணெதிரே என்ன செய்தாய், யாரை விட்டுவிட்டு வந்தாய். இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும்? கிளமென்டைன் சொல்லியிருக்கிறாள். வாக்கி-டாக்கியில், இத்தனை நாளும், அப்பா அம்மாவைக் கண்டுபிடித்துத் தருவார் என்று நம்பி.

பல முடிவுகளுக்குப் பிறகு திரையின் மூலையில் ஒரு வரி வரும், ‘கிளமென்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள்’ என்று. பிறகு கேலிச்சித்திரங்களிலும் மீம்களிலும் தேய்ந்துபோன வரி அது. நான் அதை மதிப்பெண் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். அது வாக்குமூலப் பதிவு. எழுத்தர் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார், கோப்பு எதிர்த்தரப்பு வக்கீலிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த ஆள் மனநிலை பிறழ்ந்தவர், மனைவியின் தலையை ஒரு பையில் வைத்துப் பேசிக்கொண்டிருப்பவர், எல்லாம் சரி. கேட்ட கேள்விகளில் ஒன்றும் பிறழ்ந்ததில்லை.

அந்த இடத்தில் எனக்கு நான்கு பதில்கள் வந்தன. முதல் காட்சியில் போலீஸ் காரில் வந்ததுபோலவே. மூன்று புள்ளி அதிலும் இருந்தது.

தம்பிக்கும் எனக்கும் பெரிய சண்டை வந்தது இதற்கு முன்னால், நான்காவது எபிசோடின் முடிவில். லீயின் கையில் கடி. சட்டைக் கையை இறக்கி மறைக்கலாம், அல்லது எல்லோரிடமும் காட்டலாம். கூட யார் வருவார்கள் என்பது இதுவரை அவர்களிடம் எப்படி நடந்துகொண்டோம் என்பதைப் பொறுத்து முடிவாகும். நான் மறைத்தேன்.

“திரும்பவுமா?” என்றான்.

“காட்டினா எவன்டா வருவான்?”

“வராட்டி போகட்டும். உன்கூட வர்றவங்க எதோட வர்றாங்கன்னு தெரிஞ்சிட்டு வரணும்ல.”

“கேம்டா இது.”

“அதான் அண்ணா சொல்றேன். கேம்லகூட உண்மை சொல்ல வரலைன்னா?”

அன்று லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். நான்கு வயது சின்னவனிடம் இப்படி மாட்டிக்கொள்வது யாருக்கும் பிடிக்காது. அவன் முறை வந்தபோது கடியைக் காட்டினான், யார் யார் வந்தார்கள் என்று என்னிடம் சொல்லவும் இல்லை, நானும் கேட்கவில்லை.

எபிசோட் முடிந்ததும் ஒரு பட்டியல் வரும். உங்களைப்போல் முடிவெடுத்தவர்கள் உலகத்தில் எத்தனை சதவீதம் என்று. நான் மற்ற வேலையை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் பார்ப்பேன். பெரும்பான்மையோடு இருந்தால் ஒரு ஆறுதல். அதை விரும்பிச் சேர்த்தவர்களுக்கு நன்றி சொல்வதா திட்டுவதா என்று தெரியவில்லை. என்னைப்போல் எல்லோரும் செய்திருக்கிறார்கள் என்பது ஒரு சாட்சியமே இல்லை, ஆனால் கூண்டில் நிற்பவனுக்கு அதுதான் முதலில் வேண்டியிருக்கிறது.

பிறகு நடந்ததெல்லாம் பலருக்குத் தெரியும். 2012-ல் அந்த ஆண்டின் சிறந்த கேம் என்று ஸ்பைக் தொலைக்காட்சியின் விருது. இரண்டாவது சீசனில் கிளமென்டைனே நாயகி. அதே அச்சில் டெல்டேல் கேம் மேல் கேமாக வார்த்துத் தள்ளியது, அச்சு தேய்ந்தது. 2018 செப்டம்பரில் ஒரே நாளில் ஏறக்குறைய 250 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளமென்டைனின் கடைசி சீசன் அப்போது பாதியில் நின்றது. கிர்க்மனின் ஸ்கைபவுண்ட் நிறுவனம் எடுத்து, அதே குழுவில் சிலரை வைத்து 2019 மார்ச்சில் முடித்துக் கொடுத்தது. அந்த சீசன்களைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு விஷயத்தைத் தவிர.

இரண்டாவது சீசன் தொடங்கும்போது முதல் சீசனின் சேவ் கோப்பைத் தேடும். இருந்தால் உங்கள் முடிவுகளைத் தொடரும். இல்லையென்றால் உங்களுக்கு ஒரு கடந்த காலத்தைத் தானே குலுக்கிப் போட்டுக் கொடுத்துவிடும். நடுவில் நான் லேப்டாப்பை ஃபார்மட் செய்தபோது சேவ் கோப்பை எடுத்துவைக்க மறந்துபோனேன். முழுக்க என் தப்பு. தம்பியுடையதும் சேர்ந்து போயிற்று. ஆக, எங்கள் இருவருக்கும் குலுக்கலில் வந்த கடந்த காலம். அதில் லாரியை யார் கொன்றார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய விடுதலை எந்த நீதிமன்றத்திலும் கிடைக்காது. அப்படியிருந்தும் எனக்கு அந்த ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை. இரண்டு எபிசோடோடு விட்டுவிட்டேன், வெகுநாள் கழித்துத்தான் முடித்தேன்.

போன மாதம் முதல் சீசனை மறுபடி ஆடினேன், தனியாக. பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து, ஒரு வாரத்தில் முடித்தேன். போலீஸ் காரில் பேசினேன். ஹெர்ஷலிடம் உண்மையைச் சொன்னேன். லாரியின் மார்பை அழுத்தினேன். கென்னி உப்புக்கட்டியைப் போட்டான். போடுவதற்கு முன், ஆமாம், வாய் அசைந்த மாதிரிதான் இருந்தது. கடியைக் காட்டினேன்.

கடைசிக் காட்சி மட்டும் மாறாது. மூடிய கடை. லீக்கு நடக்க முடியவில்லை. செத்தபின் எழுந்து இவளைக் கடித்துவிடக் கூடாது என்பதற்காகத் தன்னை ரேடியேட்டரோடு சேர்த்து விலங்கிடச் சொல்கிறான். முதல் காட்சியில் கையில் விலங்கோடு உட்கார்ந்திருந்தவன். அன்று அதைக் கழற்ற நாம் சாவியைத் தேடி அலைந்தோம். இன்று சின்னக் கைகள் அதை மாட்டுகின்றன. முதல் முறை ஆடியபோது எனக்கு இது கண்ணில் படவே இல்லை, அழுதுகொண்டிருந்தேன். பிறகு, தன்னைச் சுடச் சொல்வதா, விட்டுவிட்டுப் போகச் சொல்வதா என்று ஒரு கேள்வி வரும். முடியைக் குட்டையாகவே வைத்துக்கொள் என்றும் சொல்லலாம். நான் அதைச் சொன்னேன்.

முடித்தபோது மணி இரண்டு. தம்பி இப்போது வேறு நாட்டில் இருக்கிறான், அங்கே அப்போது மாலை. கூப்பிட்டேன்.

“என்ன அண்ணா, இந்த நேரத்துல? எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க?”

“நல்லாத்தான் இருக்காங்க. நீ கேட்டல்ல, அதுக்குத்தான் பண்ணினேன்னு. ஆமாடா. அதுக்குத்தான்.”

“எது?”

“லாரி.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“எந்த லாரி?” என்றான்.